யானைகள் கடந்த கடல்

தீவு விட்டுத் தீவு – 7

அந்தமானில் ராஸ் தீவைப் பார்த்து முடிந்தது. அடுத்து ஹேவ்லாக் தீவுக்குப் போக ஃபீனிக்ஸ் பே துறையில் டிக்கெட்டோடு நிற்கிறோம்.

அங்கே போக இரண்டு வழி. தனியார் கட்டமரான் என்றால் குளிரூட்டிய அறை, மூடிய ஜன்னல், ஒன்றரை மணி நேரம். அரசுக் கப்பல் இன்னும் ஒரு மணி நேரம் கூடவே எடுக்கும். ஆனால் மேல்தளத்தில் நிற்கலாம். அதற்கு டிக்கெட் கிடைப்பதுதான் பெரும்பாடு. தீவுவாசிகளுக்கு முன்னுரிமை உண்டு, அது நியாயமும்கூட. மிச்சமிருந்து நமக்குக் கிடைத்தால் யோசிக்காமல் வாங்கிவிடுங்கள். தீவுகளைவிட இரண்டு தீவுகளுக்கு நடுவில் கிடக்கும் கடல்தான் முக்கியம் என்று முதல் வாரத்திலிருந்து சொல்லிவருகிறேன். அந்தக் கடலைப் பார்க்காமல், எதிரே டிவியில் ஓடும் பாட்டைப் பார்த்துக்கொண்டே கடந்துபோகிறவர்களைக் கண்டால் எனக்கு மனசு கேட்பதில்லை.

இந்த வாரம் ஹேவ்லாக்கிலிருந்து நீல் தீவுக்குப் போகும் வழியை எழுதுவதாக இருந்தேன். நடுவில் யானை வந்துவிட்டது.

மேல்தளத்தில் பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் தமிழர். வாலிபத்தில் வடக்கு அந்தமானில் கூப்பு வேலை, அதாவது காட்டில் மரம் வெட்டும் வேலை பார்த்தவர். ஒரு தீவில் மரம் வெட்டி முடிந்ததும் யானைகளை அடுத்த தீவுக்கு எப்படிக் கொண்டுபோவீர்கள் என்று கேட்டேன். “படகு வரட்டும்னு காத்திருந்தா வேலை ஓடுமா தம்பி? பாகன் கழுத்துல உக்காந்துக்குவான். அது பாட்டுக்கு நீந்திப் போகும்” என்றார். சொல்லும்போதே வலது கையை முழங்கையோடு மேலே தூக்கி, மணிக்கட்டை வளைத்துக் காட்டினார். தண்ணீருக்கு மேலே தெரிவது அவ்வளவுதானாம்: தும்பிக்கையின் நுனி, அதற்குப் பின்னால் இடுப்பளவு நனைந்த ஒரு மனிதன்.

அந்தமான் காடுகளில் இயற்கையாக யானை கிடையாது. ஆங்கிலேயர் 1883-ல் இங்கே வனத்துறையை ஏற்படுத்தினார்கள். சாத்தம் தீவின் மர அறுவை ஆலையும் அதே ஆண்டில்தான் தொடங்கியது. படாக் மரங்களைக் காட்டிலிருந்து இழுத்துவர யானைகள் கப்பலில் வந்து இறங்கின. கப்பலில் வந்தவை பிறகு தாமாகவே கடலைக் கடந்தன. இன்டர்வியூ தீவில் மரம் வெட்டிய ஒரு நிறுவனம் நொடித்துப்போய், 1962-ல் நாற்பது யானைகள் வரை அப்படியே விட்டுவிட்டுப் போனது. அவற்றின் வாரிசுகள் காட்டு யானைகளாகிவிட்டன. பக்கத்துத் தீவுகளுக்கும் நீந்திப் போயின. மூங்கிலையும் பிரம்பையும் தாழையையும் தின்று அவை அந்தக் காட்டுக்குச் செய்த சேதம் பெரிது. ஆனாலும் அவற்றின் மேல் கோபம் வர மறுக்கிறது. யார் கூட்டிவந்தது, யார் கைவிட்டது?

கூப்பு யானைகளில் ராஜனை மட்டும் உலகம் அறியும். எழுபதுகளில் கூப்பு வேலைக்கு வந்த கொம்பன். 2002-ல் உச்ச நீதிமன்ற உத்தரவால் மரம் வெட்டுவது கட்டுப்படுத்தப்பட்ட பிறகு ஹேவ்லாக்கில் ஓய்வு. 2006-ல் வெளியான தர்செம் சிங்கின் ‘தி ஃபால்’ படத்தில் யானை நீந்துவதைக் கடலுக்கு அடியிலிருந்து காட்டுவார்கள், அது ராஜன்தான். நான்கு கால்களும் தண்ணீருக்குள் நிதானமாக நடக்கும், அத்தனை பெரிய வயிறு பாரமே இல்லாமல் மிதக்கும். 2016-ல், அறுபதைத் தாண்டிய வயதில் ராஜன் இறந்தது. கூப்புக் காலத்தில் கடல் கடந்த யானைகளில் அதுவே கடைசி என்கிறார்கள்.

இனி வருவதுதான் இந்த வாரம் என்னைத் தூங்கவிடாத செய்தி. ஹேவ்லாக்கில் எலிஃபன்ட் பீச் என்றே ஒரு கடற்கரை உண்டு. அங்கே நம் ஆட்கள் வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு பவளப்பாறை பார்க்கிறார்கள். அந்தக் குழாய் ஒரு முழத்துக்கு மேல் இருப்பதில்லை. இரண்டு மீட்டர் நீளத்தில் செய்து, அந்த ஆழத்தில் மூச்சு விட்டால் என்ன? ஆபத்து. வெளியே தண்ணீர் நெஞ்சை அழுத்தும். நுரையீரலுக்குள் இருப்பதோ மேலேயுள்ள சாதாரணக் காற்று. இந்த அழுத்த வித்தியாசத்தில் நுரையீரலைச் சுற்றியுள்ள மெல்லிய ரத்தக் குழாய்கள் தாங்காது. யானையோ அந்த ஆழத்தில் சாதாரணமாக மூச்சு விடுகிறது. மற்றப் பாலூட்டிகளுக்கு நுரையீரல் உறைக்கும் நெஞ்சுக்கூட்டின் உள்சவ்வுக்கும் நடுவே திரவம் கசியும் ஓர் இடைவெளி உண்டு. யானைக்கு அந்த இடைவெளியே இல்லை. உறுதியான இணைப்புத் திசு அதை அடைத்திருக்கிறது. இது உடற்கூற்றியலாருக்கு நெடுநாளாகத் தெரியும், ஏன் என்றுதான் தெரியாமல் இருந்தது. தும்பிக்கையைக் குழாயாக்கி ஆழத்தில் மூச்சு விடுவதற்காகத்தான் என்று 2000-களின் தொடக்கத்தில் விளக்கம் தந்தவர் ஜான் வெஸ்ட் என்ற உடலியல் அறிஞர்.

அதற்கு முன்பே, 1999-ல், ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் யானைக் கருக்களின் சிறுநீரகத்தில், நன்னீர் மீன்களிடமும் தவளைகளிடமும் காணப்படும் நுண்ணிய புனல் அமைப்புகளைக் கண்டார்கள். யானையின் மூதாதை நீரில் வாழ்ந்தது என்பது அவர்கள் முடிவு. யானைக்கு நெருங்கிய உறவு எது தெரியுமா? கடற்பசு, பாக் நீரிணை மீனவர்கள் ஆவுளியா என்று சொல்வார்களே, அது. அந்தமான் நிக்கோபார் தீவுகளின் மாநில விலங்காக அறிவிக்கப்பட்டிருப்பதும் இதே ஆவுளியாதான்.

2017 ஜூலையில் இலங்கையில் கொக்கிளாய்ப் பக்கம் கடலில் தத்தளித்த ஒரு யானையைக் கடற்படையினர் கயிறு கட்டிக் கரைசேர்த்த படத்தைப் பலரும் பார்த்திருப்பீர்கள். நீரோட்டம் இழுத்துப் போயிருந்தது. அந்தப் படத்திலும் தண்ணீருக்கு மேலே தும்பிக்கை தெரிகிறது. பெரியவர் கையால் காட்டிய அதே வளைவு.

ஹேவ்லாக் துறையில் இறங்கும்போது அவரிடம் ஒன்று கேட்டேன்: யானை நடுக்கடலில் களைத்துவிட்டால்? “களைக்காது. பயந்தா தான் சிக்கல். அதுக்குத்தான் பாகன் பேசிக்கிட்டே போவான்.”

நீல் தீவு அடுத்த வாரம் நிச்சயம். பரத்பூர், லட்சுமண்பூர், சீதாப்பூர் என்று ராமாயணப் பெயர் கொண்ட ஊர்கள், கிழக்கு வங்கத்திலிருந்து வந்து அங்கே காய்கறி போடும் குடும்பங்கள், பாறைப் பாலம் எல்லாம் அப்போது. அதற்குள் கிளம்புகிறவர்கள் இரண்டு விஷயத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாறைப் பாலத்துக்குக் கடல் வற்றியிருக்கும்போதுதான் நடந்துபோக முடியும். அன்றன்றைக்கு நேரம் மாறும், துறையில் கேட்டுக்கொண்டு புறப்படுங்கள். கடிகாரம் நம்முடையதுதான் என்றாலும் சூரியன் கிழக்கத்திக் கணக்கில் ஓடுகிறது. குளிர்காலத்தில் ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும்.