லேப்டாப் கீலும் பிஸ்டல் சுத்தியலும்

புதிதாக லேப்டாப் வாங்கியவர்கள் வைரஸைப் பற்றிக் கேட்பார்கள், ஹார்ட் டிஸ்க்கைப் பற்றிக் கேட்பார்கள். மூடியைப் பிடித்திருக்கும் கீலைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை, நோணாங்குப்பத்தில் இருக்கும் அக்கா மகளிடமிருந்து போன் வரும் வரை.

"மாமா, மூடியைத் திறந்தேன், டப்புன்னு சத்தம். ஓரம் பிளந்துக்கிச்சு. ஸ்கிரீன் கறுப்பா இருக்கு. நாளான்னிக்கு புராஜெக்ட் குடுக்கணும்" என்றாள். வாங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. கீழே விழவும் இல்லை. சர்வீஸ் சென்டரில் "இது நீங்களே உடைத்தது, வாரண்டி கிடையாது" என்று சொல்லி விட்டார்களாம்.

முதலில் புராஜெக்டைக் காப்பாற்றினோம். ஸ்கிரீன் கறுத்தால் எல்லாம் போய்விட்டது என்று பயப்பட வேண்டாம். ஸ்கிரீனுக்குப் போகும் கேபிள் கீல் பக்கமாகத்தான் போகிறது. கீல் பிளக்கும்போது அது நசுங்கியிருக்கும், உள்ளே கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கும். வீட்டு டிவியில் எச்.டி.எம்.ஐ. கேபிளைச் செருகி, விண்டோஸ் கீயுடன் P-யை அழுத்தினோம். பட்டியல் கறுத்த ஸ்கிரீனிலேயே வந்து நிற்பதால் நமக்குத் தெரியாது. கீழ் அம்புக்குறியை ஒரு தடவை அழுத்தி என்டர், மறுபடி ஒரு தடவை அழுத்தி என்டர் என்று முயன்றதில் டிவியில் படம் வந்து விட்டது. பைல்களைப் பென் டிரைவில் காப்பி செய்த பிறகுதான் அக்கா காபியே கொடுத்தாள்.

அப்புறம் மெக்கானிக்கிடம் கொண்டு போய்ப் பிரித்துப் பார்த்தோம். வேடிக்கை என்னவென்றால், உலோகக் கீல் உடையவே இல்லை. உடைந்தது அதைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக்.

லேப்டாப் கீல் நம் வீட்டுக் கதவுக் கீல் போன்றதல்ல. ஒரு தண்டில் சிறு வளையத் தகடுகளை அடுக்கி, முனையில் நட் போட்டு இறுக்கியிருப்பார்கள். தகடுகளின் உராய்வில்தான் ஸ்கிரீன் விட்ட இடத்தில் நிற்கிறது. நடுவே கொஞ்சம் கிரீஸ் இருக்கும். அது காய்ந்தாலும் தகட்டில் துரு ஏறினாலும் கீல் இறுகி விடும். நாம் விடாமல் திறப்போம். அந்த விசை முழுவதும் பிளாஸ்டிக்கில் பதித்த பித்தளை நட்டுகளின் மேல் போகும். ஒரு நாள் அவை பிடுங்கிக்கொண்டு வரும்.

நோணாங்குப்பத்தில் துருவுக்குக் கேட்கவா வேண்டும்? சுண்ணாம்பாறு படகுத் துறையில் ஏறினால் படகு கடற்கரைக்கே கொண்டு போய் விடுகிறது. அக்கா வீட்டு கேட் தாழ்ப்பாளை வருடம் தவறாமல் மாற்றுகிறார்கள். ஜன்னலோர மேஜையில் இருந்த லேப்டாப்பை மட்டும் உப்புக் காற்று விட்டு வைக்குமா?

சிறு உலோகப் பாகத்தை நம்பலாமா என்ற கேள்வியை நம்மைவிடத் தீவிரமாகக் கேட்பவர்கள் துப்பாக்கிக்காரர்கள். இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் செய்யப்பட்ட 9 எம்.எம். பிஸ்டல் போன்ற செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியில், சிறு சுத்தியலை ஒரு மெல்லிய கொக்கி பிடித்திருக்கும். விசையை இழுத்தால் கொக்கி விடும், சுத்தியல் அடிக்கும். குண்டு போன வேகத்தில் மேல்பாகம் பின்னால் ஓடி, காலித் தோட்டாவை வெளியே தள்ளி, அடுத்ததை ஏற்றும். அந்தக் கொக்கியின் விளிம்பு தேய்ந்தால், விசையைத் தொடாமலே வெடிக்கக்கூடும்.

இத்தகைய பாகங்களை முன்பெல்லாம் கெட்டி எஃகிலிருந்து கடைந்தெடுத்தார்கள். 1970-களில் அமெரிக்காவில் எம்.ஐ.எம். என்ற முறை வந்தது. மெட்டல் இன்ஜெக்ஷன் மோல்டிங் என்பதன் சுருக்கம். முகப்பவுடர் போன்ற உலோகத் தூளை மெழுகும் பிளாஸ்டிக்கும் கலந்து பிசைந்து, அச்சுக்குள் செலுத்துவார்கள். பிறகு மெழுகை நீக்கிச் சூளையில் சுடுவார்கள். வில்லியனூர் சுடுமண் பொம்மை காய்ந்து சுடும்போது சுருங்குகிறதல்லவா, அது போல இதுவும் 15 முதல் 20 சதவீதம் வரை சுருங்கும். 20 மி.மீ. பாகம் வேண்டுமானால் அச்சு சுமார் 24 மி.மீ. இருக்க வேண்டும்.

இந்தத் தொழிலில் உலகின் பெரிய நிறுவனங்களில் ஒன்று நம் பக்கத்து பெங்களூரில் இருக்கும் இந்தோ-எம்.ஐ.எம். துப்பாக்கிப் பாகங்களும் செய்கிறார்கள். நிறுவனர் கிருஷ்ணா சிவுகுலா சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். 2024-ல் அதற்கு 228 கோடி ரூபாய் நன்கொடை கொடுத்தவர் இவர்தான்.

துப்பாக்கிக்காரர்களில் பலருக்கு எம்.ஐ.எம். என்றாலே பிடிக்காது. அது முழு நியாயமில்லை. ஒழுங்காகச் சுட்ட பாகம் கெட்டி எஃகின் அடர்த்திக்கு வெகு அருகில் வந்து விடும். சரியாகச் சுடாவிட்டால் உள்ளே நுண்ணிய ஓட்டைகள் தங்கும், வெளியே தெரியாது. சுத்தியல் போன்ற பாகங்களுக்கு இந்த முறை போதும். காலித் தோட்டாவைக் கவ்வி இழுக்கும் கொக்கி போல வளைந்து வளைந்து நிமிரும் பாகத்துக்குக் கெட்டி எஃகே மேல் என்பது என் கட்சி.

லேப்டாப்புக்கு வருவோம். விலை குறைந்தவற்றில் தகட்டை வெட்டி வளைத்த கீல்தான் அதிகம். மெல்லிய, விலை கூடியவற்றிலும் மடக்கும் போன்களிலும் எம்.ஐ.எம். பாகங்கள் உண்டு. கீலை இருபதாயிரம் தடவை திறந்து மூடிச் சோதிப்பது வழக்கம். தினம் பத்துத் தடவை என்றால் ஐந்தரை வருடம் வர வேண்டும். ஆனால் கடலோர வீட்டில் காய்ந்த கிரீஸுடன் யாரும் சோதிப்பதில்லை.

நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. மூடியை ஒரு மூலையில் பிடித்துத் தூக்காதீர்கள், நடுவில் பிடித்துத் திறங்கள். கடல் பக்க ஜன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். மாதம் ஒரு முறை, மூடியைத் திறக்கும்போது கீல் அருகே கேஸ் விரிகிறதா என்று கவனியுங்கள். மயிரிழை இடைவெளி தெரிந்தாலும் அன்றோடு திறந்து மூடுவதை நிறுத்தி, பைல்களை காப்பி எடுத்து விட்டு மெக்கானிக்கிடம் போங்கள். நட்டைக் கொஞ்சம் தளர்த்தி, பழைய கிரீஸைத் துடைத்துப் புதிது வைத்தாலே பல சமயம் போதும். நீங்களாகவே தேங்காய் எண்ணெயோ ஸ்பிரேயோ விடாதீர்கள். அது ஸ்கிரீனுக்குள்ளும் கீபோர்டுக்குள்ளும் இறங்கும்.

அக்கா மகளின் லேப்டாப்பில் பித்தளை நட்டுகளைப் பசை வைத்துப் பதித்து, கேபிளையும் மாற்றிக் கொடுத்தார் மெக்கானிக். இப்போது அது உள்ளறை மேஜையில் இருக்கிறது. கேட் தாழ்ப்பாள் மட்டும் இந்த வருடமும் மாற்றியாகி விட்டது.