துப்பாக்கிக் குறிநோக்கியைப் பொருத்துதலும் நேர்செய்தலும்

குறிநோக்கி என்பது சுடுபவரின் பார்வைக்கோடும் குண்டு செல்லும் பாதையும் இலக்கில் ஒரே புள்ளியில் சந்திக்கும்படி செய்யும் அமைப்பு. பயிற்சித் துப்பாக்கிகளில் இது மூன்று வகையாகக் காணப்படும். முன்குறியும் பின்குறியும் கொண்ட திறந்த குறி ஒன்று. 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டிகளில் பயன்படும் துளைக்குறி மற்றொன்று. மூன்றாவது, ஸ்கோப் எனப்படும் தொலைநோக்கிக் குறி. ஒலிம்பிக் ஏர் ரைஃபிள் போட்டியில் ஸ்கோப்புக்கு அனுமதி இல்லை.

சேலம், நாமக்கல் பக்கத்து மாணவர்களில் பெரும்பாலோர் துப்பாக்கியை முதலில் தொடுவது தேசிய மாணவர் படையில்தான். அங்கே .22 ரைஃபிளால் 25 கஜத் தொலைவில் சுடுவார்கள். எங்கள் பள்ளிப் படைப் பிரிவுக்கு நான் பொறுப்பாக இருந்தபோது ஒரு மாணவன் சுட்டதெல்லாம் இடப்பக்கமே போய் விழுந்தது. ஐந்து துளைகளும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கின. ஆனால் மையத்திலிருந்து தள்ளி இருந்தன. "விசையை வெடுக்கென்று இழுக்கிறாய்" என்று அவனைக் கடிந்துகொண்டேன்; தேர்விலும் அவன் பெயர் விடுபட்டது. அடுத்த வாரம் அதே துப்பாக்கியில் நானே சுட்டேன். என் குண்டுகளும் இடப்பக்கமே போயின. எங்கோ இடிபட்டு முன்குறி வலப்பக்கம் நகர்ந்திருந்தது. விசையை வெடுக்கென்று இழுப்பவனின் துளைகள் சிதறும், ஒரே இடத்தில் குவியாது என்பது அன்று எனக்குத் தோன்றாமல் போயிற்று.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது துளைகளின் குவியலை. மணல் மூட்டையின் மேல் துப்பாக்கியைத் தாங்க வைத்து, ஒரே புள்ளியைக் குறிபார்த்து ஐந்து முறை சுட வேண்டும். துளைகள் நெருக்கமாகக் குவிந்து, குவியல் மட்டும் தள்ளி இருந்தால் குறியைத் திருத்தினால் போதும். சிதறிக் கிடந்தால் குறியைத் தொடக்கூடாது. தளர்ந்த திருகு, பொருந்தாத பெல்லட், சுடுபவரின் மூச்சு என்று காரணம் வேறெங்கோ இருக்கிறது. ஒவ்வொரு குண்டுக்கும் குறியைத் திருப்பிக்கொண்டே போகிறவர் மாலை வரை சுட்டாலும் மையத்தைப் பிடிக்கமாட்டார்.

திருத்தும் திசையில் பலர் குழம்புவர். பின்குறியை, குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் நகர்த்த வேண்டும். முன்குறிக்கு இது தலைகீழ். குண்டு வலப்பக்கம் போக வேண்டுமானால் முன்குறியை இடப்பக்கம் தள்ள வேண்டும். எவ்வளவு என்பதற்குப் பத்தாம் வகுப்பு வடிவொத்த முக்கோணங்களே போதும். இரு குறிகளுக்கும் இடைவெளி 60 சென்டிமீட்டர், இலக்கின் தொலைவு 25 கஜம், அதாவது ஏறத்தாழ 23 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். முன்குறி அரை மில்லிமீட்டர் நகர்ந்தால் குண்டு ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் தள்ளி விழும். அந்த மாணவனின் துப்பாக்கியில் நடந்தது இதுதான்.

ஸ்கோப் பொருத்திய துப்பாக்கி

ஸ்கோப்பில் கணக்கு இன்னும் நுணுக்கமானது. குமிழைத் திருப்பும்போது கேட்கும் ஒவ்வொரு 'கிளிக்'கும் பெரும்பாலான ஸ்கோப்புகளில் கால் கலை, அதாவது ஒரு பாகையின் 240-இல் ஒரு பங்கு. இது 100 மீட்டரில் சுமார் 7 மில்லிமீட்டர், 10 மீட்டரில் 0.7 மில்லிமீட்டர். எனவே 10 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் நகர்த்த 14 கிளிக் வேண்டும். நான்கு கிளிக் திருப்பிவிட்டு "ஸ்கோப் வேலை செய்யவில்லை" என்று கடைக்கு எடுத்துச் சென்றவர்களைப் பார்த்திருக்கிறேன்.

குமிழ் கடைசிவரை திரும்பியும் குண்டு மையத்துக்கு வரவில்லையென்றால் பிழை மவுண்டில் இருக்கும். இரு பிடிவளையங்களுக்கும் இடைவெளி 10 சென்டிமீட்டர் என்றால், ஒன்று மற்றதைவிட 0.1 மில்லிமீட்டர் உயர்ந்திருந்தாலே 10 மீட்டரில் ஒரு சென்டிமீட்டர் வேறுபாடு வரும். குண்டு தாழப் போனால் பின்வளையத்தில் ஸ்கோப்பின் அடியில் பழைய ஃபிலிம் சுருளிலிருந்து ஒரு துண்டை வெட்டி வைப்பது வழக்கம். குமிழை எல்லையிலேயே வைத்துச் சுடுவது நல்லதல்ல. உள்ளிருக்கும் வில்லின் இறுக்கம் குறைந்து குறி நிலைகொள்ளாது.

வில் விசையில் இயங்கும் ஏர் ரைஃபிளுக்குத் தனித் தொல்லை உண்டு. அது முதலில் பின்னுக்கு உதைக்கும். உந்துதண்டு முன்னே போய் முட்டியதும் முன்னுக்கும் உதறும். இந்த இரட்டை உதறலில் மவுண்ட் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிடும். வளையமும் ஸ்கோப்பும் சேருமிடத்தில் நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்தால் நகர்வு உடனே தெரியும். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளில் சக்கர நட்டுகளை எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்குவதைப் பார்த்திருப்பீர்கள். வளையத் திருகுகளையும் அப்படித்தான் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். ஒரே பக்கம் இறுக்கினால் ஸ்கோப் சுழன்றுவிடும். அளவுக்கு மீறி இறுக்கினால் குழாய் நசுங்கும். கட்டைக்கும் இயந்திரப் பகுதிக்கும் இடையிலுள்ள திருகுகளும் தளரும். ஸ்கோப்பைக் குறை சொல்லுமுன் அவற்றை ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

குறுக்குக்கோடு சாய்ந்திருந்தால், உயரத்தைத் திருத்தக் குமிழைத் திருப்பும்போது குண்டு பக்கவாட்டிலும் நகரும். இதற்குக் கொத்தனாரின் தூக்குக்குண்டு போதும். துப்பாக்கியை நேராக நிறுத்தி, எதிரே தொங்கும் நூலோடு செங்குத்துக் கோடு ஒன்றிப்போகிறதா என்று பார்க்க வேண்டும். பெரிய துப்பாக்கிக்கென 100 கஜத்துக்கு அமைத்த ஸ்கோப்பை 10 மீட்டரில் பயன்படுத்தினால் இடமாறு தோற்றப் பிழை வரும். துப்பாக்கியை அசைக்காமல் தலையை மட்டும் இடமும் வலமும் நகர்த்துங்கள். குறுக்குக்கோடு இலக்கின் மேல் நகர்வதுபோல் தெரிந்தால் அந்தப் பிழை இருக்கிறது.

இந்தச் சோதனைகளுக்கெல்லாம் முன், அறையில் குண்டு இல்லை என்பதைத் திறந்து பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

போட்டிக் களத்தில்

10 மீட்டர் இலக்கில் பத்தாம் புள்ளியின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். பெல்லட்டின் விட்டமோ 4.5 மில்லிமீட்டர். 2008 ஆகஸ்ட் 11 அன்று பெய்ஜிங் இறுதிச் சுற்றுக்கு முன், அபினவ் பிந்திரா சரிபார்க்கச் சுட்ட குண்டு 4 மதிப்பெண்ணில் விழுந்தது. மையத்திலிருந்து ஒன்றரை சென்டிமீட்டருக்கும் மேல் விலகல். தகுதிச் சுற்றில் 600-க்கு 596 எடுத்தவரின் கை திடீரென்று அத்தனை தடுமாறாது. அவர் குறியைத் திருத்தினார். கணக்கில் சேர்ந்த முதல் குண்டு 10.7. மொத்தம் 700.5 புள்ளிகளுடன், தனிநபர் பிரிவில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் தங்கம் கிடைத்தது.

சேலத்திலிருந்து சென்னைக்குப் போட்டிக்குப் போகிறவர்கள் துப்பாக்கிப் பெட்டியைப் பேருந்தின் அடிப்பெட்டியில் போடுவதுண்டு. இரவெல்லாம் அதிர்ந்து வந்த குறி ஊரில் இருந்தபடியே இருக்கும் என்று எண்ண முடியாது. தகுதிச் சுற்றுக்கு முன் தரப்படும் 15 நிமிடத்தில் எத்தனை முறை வேண்டுமானாலும் சுட்டுப் பார்க்கலாம். புதிய பெல்லட் டப்பாவை அன்றைக்குத் திறக்க வேண்டாம். தயாரிப்புத் தொகுதி மாறினாலே குவியல் இடம் மாறக்கூடும். வீட்டில் கடைசியாகச் சுட்டபோது குமிழ் நின்ற எண்ணை ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் மூடிக்குள் ஒட்டி வைத்திருந்தால், எவ்வளவு மாறியிருக்கிறது என்று அங்கேயே தெரிந்துவிடும்.