அம்மம்மா ஏறும் கார்

மானிப்பாயிலே நமக்கு நெருங்கிய குடும்பமொன்றில் அண்மையில் ஒரு வழக்கு நடந்தது. நீதிமன்றத்து வழக்கன்று, வீட்டு விறாந்தையில் நடந்த வழக்கு. கார் வாங்குவது என்று முடிவாகிவிட்டது. தாழ்ந்த உடலும் தனிப் பெட்டியறையுமுடைய செடான் வகையா, அல்லது எஸ்.யு.வி. என்னும் உயர்ந்த வகையா என்பதே பிணக்கு. தந்தையார் முன்னதன் கட்சி; மகன் பின்னதன் கட்சி. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களைப் பொறுத்தவரை 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் தொடங்கியது என்பதை வாசகர் அறிவர். இன்று கார் வாங்குவதென்பது பல்லாண்டுச் சேமிப்பை ஒரே நாளிற் கொடுத்துவிடுவதாகும். பிழைத்துப்போனால் மாற்றுவது எளிதன்று.

இரு கட்சியாரும் நம்மை நடுவராக அழைத்தனர். நாமும் அளவுநாடா ஒன்றைச் சட்டைப்பையில் இட்டுக்கொண்டு சென்றோம். வளவுக்குள்ளே இரவல் வந்த கார்கள் இரண்டு நின்றன. ஒன்று ரொயோட்டா அக்சியோ என்னும் செடான். மற்றது ஹொண்டா வெசல்.

படலையடியில் நின்று பார்ப்பவருக்கு வெசலே பெரிய கார். நாடாவோ வேறு கதை சொல்லிற்று. அக்சியோவின் நீளம் ஏறக்குறைய 4.4 மீற்றர், வெசல் அதனிலும் குறைந்து 4.3 மீற்றரளவில் நிற்கிறது. முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் இடைப்பட்ட தூரம் அக்சியோவில் 2.60 மீற்றர், வெசலில் 2.61 மீற்றர். பின்னால் இருப்பவரின் முழங்காலுக்குக் கிடைக்கும் இடம் பெரும்பாலும் இந்தத் தூரத்தைப் பொறுத்ததே. அதில் வேறுபாடு ஒரேயொரு சென்ரிமீற்றர்! அகலத்தில் வெசல் மூன்று அங்குலம் கூடியது. உயரத்திலேதான் மெய்யான வித்தியாசம்: அக்சியோ 1.46 மீற்றர், வெசல் 1.60 மீற்றர். ஆக, மகன் வாதாடிய "பெரிய இடம்" என்பது ஏறக்குறைய ஆறு அங்குல உயரமே. தந்தையாரின் முகம் மலர்ந்தது. தீர்ப்பு அவர் பக்கம் சாய்ந்துவிடும் போலிருந்தது.

அப்பொழுதுதான் அம்மம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு முற்றத்துக்கு வந்தார்.

எண்பதைக் கடந்த அவ்வம்மையார் ஈராண்டுகளாக மருதடி விநாயகர் கோவிலுக்குப் போவதில்லை. கேட்டால் வெயில் என்பார், சனம் என்பார். உண்மைக் காரணத்தை அன்றுதான் நாம் கண்டோம். அக்சியோவின் கதவைத் திறந்து அவரை இருத்தியபோது, இருக்கை அவர் முழங்காலுக்குங் கீழே இருந்தது. இடுப்புக் கீழே போக, முழங்கால்கள் மேலே எழுந்தன. இறங்கும்போது உடலின் பாரம் முழுவதும் அந்த நொந்த முழங்கால்களிலே வந்து விழுந்தது. பேரன் ஒரு கையையும் மருமகன் மறு கையையும் பிடித்துத் தூக்கவேண்டியதாயிற்று.

"கிணத்துக்குள்ளே இருந்து இழுக்கிற மாதிரி. கோவில் வாசலிலே ஊர்ச் சனம் பார்க்க இப்பிடி இழுபட ஏலாது, தம்பி," என்றார்.

தந்தையார் தலை குனிந்தார். ஈராண்டாக அவர் இதை அறிந்திருக்கவில்லை.

பின்னர் வெசலின் முன்னிருக்கையில் இருத்திப் பார்த்தோம். அவ்விருக்கை அவருடைய இடுப்பின் மட்டத்துக்குச் சற்றுத் தாழவே இருந்தது. முதலில் பக்கவாட்டாக இருந்து, பிறகு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்துக்கொண்டார். எவரும் தூக்கவில்லை. இறங்குவதும் அவ்வாறே. "எங்கட காலத்து ஏ-40 இப்பிடித்தான் இருந்தது," என்று ஒரு வார்த்தை சொன்னார்.

அம்மம்மா சொன்னது வெறும் பழைய நினைவன்று. 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ-40 சொமர்செற் இன்றைய செடான்களைவிட நன்றாக உயர்ந்து நின்ற கார். 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனரின் உயரம் 1.52 மீற்றர். குட்டிக் கார் என்று நாம் நினைக்கும் அதுவே இன்றைய அக்சியோவிலும் இரண்டு அங்குலம் உயர்ந்தது! அக்காலத்துக் கார்களில் மக்கள் நாற்காலியில் இருப்பதுபோல நிமிர்ந்து இருந்தனர். பின்னர், காற்றின் எதிர்ப்பைக் குறைத்து எரிபொருளை மிச்சப்படுத்தும் நோக்கத்தால் கூரை தாழ்ந்தது. கூரையோடு இருக்கையும் தாழ்ந்தது. எஸ்.யு.வி.யின் இருக்கை புதுமையன்று. நம் பாட்டன்மார் விட்ட நாற்காலி திரும்பி வந்திருக்கிறது, அவ்வளவே. (செடான் என்ற பெயரே பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருவர் சுமந்து சென்ற மூடு நாற்காலிக்கு உரியது, நம் பல்லக்குக்கு உறவினம். இலங்கையில் முன்னாளில் இதனைச் சலூன் கார் என்றனர். முடிதிருத்தும் கடைக்கும் அதே பெயராயிற்று!)

மொறிஸ் மைனரைப் பற்றி இன்னொரு சொல். 1990 களின் பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோல் கிட்டாதபோது, மண்ணெண்ணெயைக் குடித்துக்கொண்டு யாழ்ப்பாணத்து நோயாளரையும் பிரயாணிகளையும் சுமந்த கார்களுள் அதுவும் ஒன்று. அதனை அமைத்தவர் அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர். மாதிரிக் கார் ஒடுக்கமாக இருக்கிறதென்று கண்ட அவர், அதனை நெடுக்காக இரண்டாகப் பிளந்து நடுவே நான்கு அங்குலம் சேர்த்தார். முன்னரே செய்துவைத்த பம்பர்களையும் வெட்டி, நடுவில் ஒட்டுப் போடவேண்டி வந்தது. 1959 இல் அவரே மினி காரை அமைத்தார். பத்தடி நீளமே உள்ள அக்காரில் எந்திரத்தைக் குறுக்காக வைத்து, நிலப்பரப்பில் ஐந்தில் நான்கு பங்கை மக்களுக்கும் பெட்டிகளுக்குமே விட்டார். உள்ளிடம் என்பது வெளியுடலின் பருமனால் வருவதன்று, உறுப்புகளை எங்கே ஒளிக்கிறோம் என்பதால் வருவது. வெசலிலும் எரிபொருள் தாங்கியை முன்னிருக்கைகளின் கீழே ஒளித்திருக்கிறார்கள். அதனாலேயே பின்னிருக்கையைத் தரையோடு மடித்துவிட முடிகிறது.

இதைக் கேட்டு மகன் துள்ளினான். பிராடோ போன்ற பெரிய வண்டியே வாங்கலாமே என்றான். அவசரம்! அவ்வகை வண்டிகள் தடித்த இரும்புச் சட்டத்தின் மேல் உடலை ஏற்றிச் செய்யப்படுவன. ஆதலால் தரையே உயர்ந்துவிடுகிறது. அம்மம்மா ஏறுவதற்கு மிதிபடியும் கைபிடியும் வேண்டும். மூன்றாம் வரிசையில் இருப்போர் முழங்காலை நாடிக்கு அருகே வைத்துக்கொண்டு போகவேண்டும். கிணற்றுக்குத் தப்பி மரத்தில் ஏறிய கதைதான்.

செடானுக்கும் நியாயம் உண்டு. கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர். அத்தூரத்தை ஒரே நாளில் ஓடும்போது, தாழ்ந்த கார் வளைவுகளிற் குறைவாகவே சாயும். வாந்தி எடுக்கும் பிள்ளைகள் உள்ள வீட்டார் இதனை எண்ணவேண்டும். பெட்டியறை தனியாக அடைபட்டிருப்பது மற்றொரு பெருநன்மை. கொழும்பு உறவினருக்குக் கருவாடும் ஒடியலும் கட்டி அனுப்பாத யாழ்ப்பாணத்தார் யார்? செடானில் வாசனை பின்னாலே கிடக்கும்; மற்றதில் அது நம்மோடு கூடவே இருந்து பிரயாணம் செய்யும். வெசலின் பின்கதவுக் கைபிடியோ யன்னலின் ஓரத்தில் மேலே மறைந்திருக்கிறது. அந்த வீட்டுச் சிறுமி அதைத் தேடிக் கதவு முழுவதையும் தடவினாள். இன்னும், மதிலுக்கு மதில் நெருங்கிய நம் ஒழுங்கைகளில் கூடுதல் மூன்று அங்குல அகலம் சிறு காரியமன்று.

கார் பார்க்கப் போகும் வாசகர் நாம் அங்கே செய்ததைச் செய்து பார்க்கலாம். வீட்டில் நெடியவர் முதலில் சாரதியின் இருக்கையைத் தமக்கேற்ப நகர்த்தி வைத்து, பின்பு இறங்கி அதன் பின்னாலேயே இருந்து பார்க்கட்டும். முழங்கால் முட்டுகிறதா, தொடை முழுவதும் மெத்தையிற் படிகிறதா, தலை கூரையைத் தொடுகிறதா என்பது உடனே தெரியும். நடுவில் ஒருவரைக் கால்மணி நேரமாவது இருத்துங்கள். மெத்தை அங்கே கடினமாக இருக்கும். வீட்டில் மூத்தவரை மூன்று முறை ஏற்றி இறக்குங்கள். முதன்முறை எவரும் சமாளித்துவிடுவார். மூன்றாம் முறைதான் உண்மை வெளிவரும்.

விறாந்தை வழக்கில் நாம் தீர்ப்புச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. தந்தையார் அயலவரிடம் வெசலை மறுநாட் காலைக்கும் இரவல் கேட்டார். ஆறு மணிக்கு அது மீண்டும் வளவுக்குள் வந்து நின்றபோது, அம்மம்மா தோய்ந்து வெள்ளைச் சேலை உடுத்து, அருச்சனைத் தட்டோடு விறாந்தைப் படியில் இருந்தாராம்.