6,400 என்ன, கண்ணு?

பிளஸ் ஒன் காலாண்டுத் தேர்வு விடைத்தாள் கட்டு. பூமியின் மேற்பரப்பில் ஈர்ப்பு முடுக்கம் எவ்வளவு என்று கணக்கிடச் சொல்லியிருந்தேன். ஒரு தாளில் சூத்திரம் சரி. ஈர்ப்பு மாறிலி 6.67 × 10⁻¹¹, சரி. பூமியின் நிறை 6 × 10²⁴ கிலோகிராம், அதுவும் சரி. மடக்கை அட்டவணை பார்த்துப் பெருக்கி வகுத்ததில் துளி பிசகில்லை. விடை மட்டும் 97,70,000 மீ/வி². வர வேண்டியது 9.77.

மறுநாள் அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"லாக் புக்க ரெண்டு தடவ பாத்துட்டுத்தானுங்க மிஸ் போட்டேன்" என்றான். உண்மைதான். ஆரம் எழுதியிருந்த இடத்தில் விரலை வைத்து, "இந்த 6,400 என்ன கண்ணு?" என்றேன்.

"பூமியோட ஆரமுங்க மிஸ்."

"சரி. 6,400 என்ன?"

கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். "அய்யோ, கிலோமீட்டருங்க மிஸ்!"

இருபத்தேழு வருஷமாக இயற்பியல் நடத்துகிறேன். இந்தத் தப்பு வராத வருஷம் கிடையாது. பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. "கடைசியில அலகு போட மறந்துடாதே, அரை மார்க் போயிடும்" என்று சொல்லிச் சொல்லியே நாங்கள் வளர்க்கிறோம். அதனால் அலகு என்பது விடைக்குக் கடைசியில் வைக்கும் பொட்டு மாதிரி ஆகிவிட்டது. கணக்கு நடக்கும்போது அலகு எங்கேயும் இல்லை. முடிந்ததும் மனப்பாடமாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பையனும் மீ/வி² என்று சரியாகத்தான் போட்டிருந்தான். அரை மார்க்கும் வாங்கினான்.

அலகை முதல் வரியிலிருந்தே எண்ணோடு சேர்த்துக் கூட்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாருங்கள். ஈர்ப்பு மாறிலியின் அலகை நியூட்டன் மீட்டர்² / கிலோகிராம்² என்று புத்தகம் தரும். நியூட்டனைப் பிரித்து எழுதினால் கிலோகிராம் மீட்டர் / விநாடி². அப்படிப் போட்டுச் சுருக்கினால் மாறிலியின் அலகு மீட்டர்³ / (கிலோகிராம் விநாடி²) ஆகிறது. பூமியின் நிறையால் பெருக்கும்போது கிலோகிராமும் கிலோகிராமும் அடிபடும். மீட்டர்³ / விநாடி² மிஞ்சும். இனி ஆரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். ஆரத்தை மீட்டரில் எழுதியிருந்தால் மீட்டர்² அடிபட்டு, மீட்டர்/விநாடி² சுத்தமாக நிற்கும். கிலோமீட்டரில் எழுதியிருந்தால் மேலே மீட்டர்³, கீழே கிலோமீட்டர்². அடிக்க வராது. பேனா அங்கேயே நின்றுவிடும். அந்த நிற்பதுதான் எனக்கு வேண்டும்.

ஒரு கிலோமீட்டர் ஆயிரம் மீட்டர்தானே, விடை ஆயிரம் மடங்கு தானே தப்ப வேண்டும், பத்து லட்சம் மடங்கு எப்படித் தப்பியது என்று அடுத்த பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. நீளமும் அகலமும் ஒரு கிலோமீட்டர் உள்ள தரை இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்கு ஒரு மீட்டர் உள்ள டைல்ஸ் பதிக்கிறோம். ஒரு வரிசைக்கு ஆயிரம், அப்படி ஆயிரம் வரிசை. மொத்தம் பத்து லட்சம் டைல்ஸ். ஆரத்தை வர்க்கப்படுத்தும்போது அதன் அலகும் வர்க்கமாகிறது.

97 லட்சம் என்பது தப்பு என்று பார்த்ததுமே உறைக்க வேண்டுமானால், 9.8 என்பதன் பொருள் மனதில் பதிந்திருக்க வேண்டும். விழும் பொருளின் வேகம் ஒவ்வொரு விநாடியும் விநாடிக்கு 9.8 மீட்டர் கூடுகிறது. இதை வண்டி ஓட்டுகிறவர்களின் அலகுக்கு மாற்றிச் சொல்லுவேன். 9.8-ஐ 3,600 ஆல் பெருக்கி 1,000 ஆல் வகுத்தால் மணிக்கு 35 கிலோமீட்டர். விநாடிக்கு விநாடி ஸ்பீடாமீட்டர் முள் 35 ஏறுகிறது. 20 மீட்டர் உயரத் தென்னையிலிருந்து நழுவும் காய் தரைக்கு வர இரண்டு விநாடி. அப்போது அதன் வேகம் மணிக்கு 70 கிலோமீட்டர். அந்தப் பையனின் விடைப்படி பார்த்தால், ஒரே விநாடியில் காயின் வேகம் விநாடிக்கு 9,770 கிலோமீட்டர் ஆகிவிடும்.

அலகும் பரிமாணமும் ஒன்றா என்று கேட்பார்கள். நெல்லைப் படியால் அளக்கலாம், மூட்டையால் அளக்கலாம், அளக்கப்படுவது நெல். பரிமாணம் நெல்லைச் சொல்கிறது, அலகு படியைச் சொல்கிறது. மீட்டரும் கிலோமீட்டரும் நீளமே என்பதால், பரிமாணத்தை மட்டும் சரிபார்த்தால் இந்தப் பையனின் தப்பு அகப்படாது. ஆனால் வர்க்கத்தை மறந்து ஆரத்தால் மட்டும் வகுத்திருந்தால் பரிமாணம் உடனே காட்டிக்கொடுக்கும்: மீட்டர்²/விநாடி² என்று வரும். அது வேகத்தின் வர்க்கம், முடுக்கம் அல்ல. இரண்டு சோதனையும் வேண்டும்.

பரிமாணம் இன்னொரு வேலையும் செய்யும். தனி ஊசல் சோதனையில் கனமான குண்டு மெதுவாக ஆடுமா, வேகமாக ஆடுமா என்று கேட்பேன். வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போடும். பிறகு சொல்லுவேன்: நமக்கு வேண்டியது விநாடி. கையில் இருப்பவை நூலின் நீளம், குண்டின் நிறை, ஈர்ப்பு முடுக்கம். கிலோகிராம் நிறையில் மட்டும்தான் இருக்கிறது. அதை அடிக்க இன்னொரு கிலோகிராம் கிடையாது. அப்படியானால் நிறைக்கு அங்கே இடமே இல்லை. நீளத்தை முடுக்கத்தால் வகுத்தால் விநாடி² வரும். அதன் வர்க்கமூலம் விநாடி. குண்டைத் தொடுவதற்கு முன்பே பாதி விடை கையில். முன்னால் நிற்கும் 2π-ஐ மட்டும் இந்த வழி சொல்லாது.

ஒரு முறை ஆய்வகத்தில் 100 சென்டிமீட்டர் நூலில் 20 அலைவுக்கு 40.2 விநாடி எடுத்த ஒரு பிள்ளை, கணக்கில் 977 வந்ததும் பயந்துபோய்க் குறுக்கே கோடு போட்டுவிட்டாள். அடிக்க வேண்டிய தேவையே இல்லை. நீளத்தை சென்டிமீட்டரில் வைத்ததால் அது 977 செ.மீ/வி², அதாவது 9.77 மீ/வி². தமிழ்நாட்டின் உண்மை அளவான 9.78-க்கு அத்தனை நெருக்கம். புவி இயற்பியலாளர்கள் செ.மீ/வி² என்பதற்கு கலிலியோவின் நினைவாக 'கால்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அவளுடைய எண்ணில் குறை எதுவும் இல்லை. பக்கத்தில் அலகு இல்லாததால் சரியான விடையைத் தப்பென்று நினைத்தாள்.

பள்ளிக்கூடத்தில் போவது அரை மார்க். 1999 செப்டம்பர் 23 அன்று செவ்வாயை நெருங்கிய நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலமே போய்விட்டது. தரையிலிருந்த ஒரு மென்பொருள் உந்துபொறியின் கணத்தாக்கைப் பவுண்டு விசை விநாடியில் தர, இன்னொன்று அதை நியூட்டன் விநாடி என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை 4.45 நியூட்டன். அந்த 4.45-லும் ஈர்ப்பு முடுக்கம்தான் இருக்கிறது: ஒரு பவுண்டு 0.4536 கிலோகிராம்; 1901-ல் சர்வதேச மாநாடு முடிவு செய்த திட்ட அளவான 9.80665 ஆல் பெருக்கிப் பாருங்கள். செவ்வாய்க்கு 200 கிலோமீட்டருக்கு மேலே போக வேண்டிய கலம் 57 கிலோமீட்டர் உயரத்துக்கு இறங்கிவிட்டதாகப் பிறகு கணக்கிட்டார்கள்.

இப்போது என் வகுப்பில் அலகில்லாத எண் எந்த வரியில் இருந்தாலும் சிவப்பு மையில் வட்டம் போடுகிறேன், விடை சரியாக இருந்தாலும். அந்தப் பையன் அரையாண்டில் ஆரத்தை 6.4 × 10⁶ மீ என்று எழுதி, மீட்டர்²-ஐ மேலேயும் கீழேயும் அடித்துக் காட்டியிருந்தான்.

உங்கள் வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளை இருந்தால் இன்று இரவு இயற்பியல் நோட்டை வாங்கிப் பாருங்கள். உங்களுக்கு இயற்பியல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. நடு வரியில் தனியாக நிற்கும் ஏதாவது ஓர் எண்ணின் மேல் விரலை வைத்து, "இது என்ன?" என்று மட்டும் கேளுங்கள்.