அடுப்புப் புகையும் நுண்துகளும்: நம் வட்டாரம் தரும் பாடம்

காற்று மாசு என்றதும் தில்லியின் புகைமூட்டமே பலருக்கு நினைவுக்கு வருகிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வானம் பெரும்பாலும் தெளிவாகவே தெரிகிறது. ஆயினும், வாழ்நாளில் ஒருமுறைகூடப் பீடியோ சிகரெட்டோ தொடாத பெண்கள் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோயுடன் எங்களிடம் வருகின்றனர். அவர்களுள் பலர் ஆண்டுக்கணக்கில் விறகடுப்பின் முன் அமர்ந்து சமைத்தவர்கள்.

நுண்துகள் செய்வது என்ன?

2.5 மைக்ரானும் அதற்குக் குறைவான விட்டமும் கொண்ட துகள்களை நுண்துகள் என்கிறோம். இவை தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே இருக்கும். பெரிய தூசியை மூக்கும் தொண்டையும் தடுத்துவிடும். நுண்துகளோ நுரையீரலின் காற்றுப்பைகள் வரை சென்று அழற்சியை உண்டாக்குகிறது. மிகச் சிறியவை இரத்தத்திலும் கலக்கின்றன. ஆகவே ஆஸ்துமா மட்டுமன்றி மாரடைப்பு, பக்கவாதம், நுரையீரல் புற்றுநோய் ஆகியவற்றின் அபாயமும் கூடுகிறது. ஒரு கன மீட்டர் காற்றில் ஆண்டுச் சராசரியாக 5 மைக்ரோகிராமுக்கு மேல் நுண்துகள் இருத்தலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதல். இந்தியாவின் வரம்பு 40 மைக்ரோகிராம்.

நெடுஞ்சாலை வாகனப் புகை, கல் குவாரிகளின் தூசி, அறுவடைக்குப் பின் எரிக்கப்படும் கரும்புத் தோகை, குப்பை எரிப்பு ஆகிய யாவும் நம் வட்டாரத்துக் காற்றைக் கெடுக்கின்றன. எனினும் மூக்குக்கு மிக அருகில் இருப்பது அடுப்பே.

நம்மிடையே நடந்த ஆய்வு

அன்று விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சிப் பகுதியிலும் நாகப்பட்டினத்திலும் 2018இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கியது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனம் இந்தியப் பகுதியை நடத்தியது. குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளையும் சேர்த்து ஏறத்தாழ 3,200 கர்ப்பிணிகள் பங்கேற்றனர். பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பும் சிலிண்டரும் இலவசமாக வழங்கப்பட்டன; மற்றவர்கள் வழக்கம்போல் விறகு முதலியவற்றில் சமைத்தனர்.

விறகில் சமைத்தவர்கள் சுவாசித்த நுண்துகளின் அளவு ஏறத்தாழ 71 மைக்ரோகிராம். எரிவாயுவுக்கு மாறியவர்களுக்கோ அது 24 ஆகக் குறைந்தது. ஆனால் 2022இல் வெளியான முடிவின்படி, பிறந்த குழந்தைகளின் எடையில் உறுதியான வேறுபாடு தென்படவில்லை. குழந்தைகளின் கடும் நிமோனியாவும் உறுதியாகக் குறையவில்லை.

அப்படியானால் புகையால் தீங்கில்லை எனக் கொள்ளலாமா? கூடாது. அந்தப் பெண்களுக்கு அடுப்பு கிடைத்தது கருவுற்று 9 முதல் 20 வாரங்களுக்குள். அதற்கு முன் பல ஆண்டுகள் அவர்கள் புகையைச் சுவாசித்திருந்தனர். மாறிய பின்னும் எஞ்சிய 24 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. புகையைக் குறைப்பதைக் கர்ப்ப காலத்தில் தொடங்குவதைவிட முன்னரே தொடங்குவது நல்லது. அடுப்போடு நின்றுவிடாமல் பிற மூலங்களையும் குறைக்க வேண்டும் என்பதே நாம் கொள்ளத்தக்க பாடம்.

வீட்டில் செய்யத்தக்கவை

எரிவாயு இருந்தும் சிலிண்டர் விலையை எண்ணி வெந்நீருக்கும் நெல் வேகவைக்கவும் விறகையே பயன்படுத்தும் வீடுகள் உண்டு. முழுவதும் மாற இயலாவிடில், நெடுநேரம் எரியும் அந்த அடுப்பைத் திறந்தவெளியில், வாசலுக்கும் சன்னலுக்கும் தொலைவில் அமையுங்கள். ஈர விறகு கூடுதலாகப் புகையும். நன்கு உலர்ந்ததையே எரியுங்கள். நெகிழியைக் கொண்டு அடுப்பு மூட்டாதீர்கள். கர்ப்பிணிகளும் கைக்குழந்தைகளும் முதியோரும் அடுப்பருகே இருத்தல் வேண்டாம். மூடிய அறையில் கொசுவர்த்திச் சுருளைத் தவிர்த்துக் கொசுவலை கட்டுங்கள்.

முகத்தில் சுற்றும் துண்டு நுண்துகளைப் போதிய அளவு தடுக்காது. தூசியில் பணிபுரிவோர் முகத்தோடு இறுகப் பொருந்தும் என்95 முகக்கவசம் அணிய வேண்டும். ஆஸ்துமா நோயாளிகள் மூச்சுத்திணறல் குறைந்துவிட்டது என எண்ணி, நாள்தோறும் உறிஞ்சும் இன்ஹேலர் மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது.

எட்டு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தாலோ, படியேறும்போது முன்பில்லாத இளைப்பு தோன்றினாலோ மருத்துவரை அணுகி நுரையீரல் செயல்திறன் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் சளியுடன் இருமல் இருப்பின் காசநோய்ப் பரிசோதனையும் அவசியம். நெஞ்சுவலி, உதடு நீலமாதல், பேச இயலாத மூச்சுத்திணறல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினும் காத்திராமல் 108ஐ அழையுங்கள். மருத்துவரைச் சந்திக்கும்போது வீட்டில் எந்த அடுப்பில், எத்தனை ஆண்டுகளாகச் சமைக்கிறீர்கள் என்பதையும் மறவாமல் சொல்லுங்கள். நோயைக் கண்டறிய அதுவும் உதவும்.