பள்ளிப் பருவமும் பயிர்ப் பருவமும்

செங்கல்பட்டு மாவட்டத்து நெல் விவசாயிக்கு ஆண்டில் மூன்று பருவம்: சொர்ணவாரி, சம்பா, நவரை. 2012-13ஆம் கல்வியாண்டு முதல் தமிழகத் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கும் ஆண்டில் மூன்று பருவந்தான். ஜூனில் தொடங்கும் முதல் பருவம் செப்டம்பரில் முடிகிறது. அதற்குள் வயலில் சொர்ணவாரி அறுவடையும் சம்பா நாற்றங்காலும் வந்து போய்விடுகின்றன.

வண்டலூரைச் சுற்றி ஏரிப் பாசன நிலங்கள் பலவும் வீட்டு மனைகளாகிவிட்டன. ஆனாலும் நெல்லும் மாடுமாகப் பிழைக்கும் குடும்பங்கள் உட்கிராமங்களில் இன்னும் உண்டு. தாயும் தகப்பனும் நடவுக்கோ களையெடுப்புக்கோ போய்விட்டால், கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள மூத்த பிள்ளை வீட்டில் நின்றுவிடும். பத்து நாள் கழித்துப் பள்ளிக்குப் போனால் பாடம் எங்கோ போயிருக்கும். ஒன்றும் புரியாமல் உட்கார்ந்திருக்கும் பிள்ளை, நாளடைவில் பள்ளிக்குப் போகவே தயங்கும்.

சிற்றூர்ப் பள்ளிகளில் இத்துடன் இன்னொரு சிக்கலும் சேர்கிறது. 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்குச் சட்டப்படி இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒருவர் கணக்குச் சொல்லிக்கொடுக்கும் நேரத்தில், அதே அறையில் உள்ள அடுத்த வகுப்புப் பிள்ளைகள் என்ன செய்வது?

இதற்கு ஒரு வழி ஆந்திர மாநிலம் மதனப்பள்ளியை அடுத்த ரிஷிவேலியிலிருந்து வந்தது. அங்கே சுற்றுப்புறச் சிற்றூர்களின் ஓராசிரியர் பள்ளிகளுக்காக, பாடங்களைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, ஏணிப்படி போல வரிசைப்படுத்தினார்கள். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இம்முறையைத் தொடங்கிவைத்தார். 2007-08இல் 'செயல்வழிக் கற்றல்' என்ற பெயரில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு அது பரவியது.

அந்த வகுப்பறைகளில் பெஞ்சு இல்லை. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தனர். சுவரின் அடிப்பக்கத்தில், பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில், ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டுக் கரும்பலகை. தலைக்கு மேலே கம்பிப் பந்தல். பிள்ளைகள் வரைந்த படங்கள் அதில் தொங்கும். காலையில் வந்ததும் வருகையைத் தாமே பதிவார்கள். அன்று வெயிலா, மேகமா, மழையா என்று காலநிலை அட்டவணையிலும் குறிப்பார்கள். பிறகு ஏணிப்படியில் தன் இடத்தைப் பார்த்து, அதற்குரிய அட்டையை எடுத்துக்கொண்டு குழுவில் போய் உட்காரவேண்டியதுதான். புதிய பாடம் படிப்பவர் ஆசிரியருடன், பழகிப் பார்ப்பவர் கூடப்படிக்கும் பிள்ளையுடன், தேறியவர் தனியாக.

விவசாயக் குடும்பத்துக்கு இதில் பெரிய ஆதாயம் ஒன்று இருந்தது. பத்து நாள் வராத பிள்ளை, பதினோராம் நாள் தான் விட்ட அட்டையிலிருந்தே தொடரலாம். தண்ணீர் தடைப்பட்ட பயிருக்கு, நின்ற இடத்திலிருந்து மீண்டும் பாய்ச்சுவது போல.

குறைகளும் இல்லாமல் இல்லை. "புத்தகத்தைக் காணோம், நாள் முழுதும் விளையாட்டுத்தான்" என்று பெற்றோர் பலர் முகம் சுளித்தனர். மாநிலம் முழுவதற்கும் ஒரே அட்டை என்பதால் உள்ளூர் மண்ணும் பயிரும் அதில் இடம்பெற வழியில்லை. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்து திறந்த பின், 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. இதில் வகுப்பைக் காட்டிலும் பிள்ளையின் நிலைதான் கணக்கு: அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலைகள். முதல் மூன்று வகுப்புகளில் தொடங்கி, பின்னர் நான்கு, ஐந்தாம் வகுப்புகளுக்கும் விரிந்தது.

உள்ளூர்ப் பாடத்துக்கு விவசாயிகளே உதவலாம். சம்பாவுக்கு வைத்திருக்கும் விதைநெல்லில் 100 மணிகளைப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினால் போதும். ஈரச்சாக்கில் வரிசைக்குப் பத்தாகப் பத்து வரிசை அடுக்கி, சுருட்டி, நிழலில் வைத்து, காயாமல் தண்ணீர் தெளித்துவர வேண்டும். ஐந்தாம் நாள் ஒருமுறையும் பதினான்காம் நாள் ஒருமுறையும் முளைத்தவற்றை எண்ணலாம். நூற்றுக்கு எத்தனை என்பதே சதவீதக் கணக்கு. சான்று விதை நெல்லுக்கு 80 சதவீத முளைப்பாவது இருக்க வேண்டும். அதற்குக் குறைந்தால் தகப்பனார் நாற்றங்காலில் விதைக்கும் முன்பே விழித்துக்கொள்ளலாம். அறுத்த கையோடு எடுத்த நெல்லானால் விதை உறக்கம் காரணமாகவும் முளைப்பு குறையும். அதைக் கெட்ட விதை என்று ஒதுக்கிவிடக் கூடாது. ஒன்று முக்கியம்: மருந்து கலந்த விதையைப் பிள்ளைகள் கையில் கொடுக்கவே கூடாது.

கீரைப் பாத்தி இன்னும் எளிது. 3 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலப் பாத்திக்குத் தண்டுக்கீரை விதை ஒன்றரை கிராம் போதும். மணலுடன் கலந்து தூவினால் ஒரே இடத்தில் குவியாது. 25 நாளில் கீரை சத்துணவுச் சட்டிக்குப் போய்விடும். நீளம், அகலம், பரப்பு என்று கரும்பலகையில் படித்ததைக் காலால் நடந்து அளந்தும் பார்க்கலாம்.

விதை, கன்று, ஆலோசனை பற்றி விசாரிக்க, வண்டலூருக்குத் தெற்கே காட்டுப்பாக்கத்தில் கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்தாம். பாத்திக்கு வேலியும் தண்ணீரும் வேண்டுமென அங்கே கேட்கலாம். விடுமுறை நாளில் தண்ணீர் ஊற்றுவது யார் என்பதையும் அங்கேயே பேசி முடிப்பது நல்லது. பள்ளித் தோட்டங்கள் பல காய்ந்துபோவது இந்த ஒரு காரணத்தால்தான்.

மழையளவுக்கு, பக்கம் நேராக உள்ள காலி டின் ஒன்றும் அடிக்கோலும் போதும். வானிலைத் துறையின் கணக்கு காலை எட்டரை மணிக்கு எட்டரை மணி என்பதால், பள்ளிக்கு அருகில் குடியிருக்கும் பிள்ளையிடம் இந்தப் பொறுப்பை விடலாம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு சென்ட் சுமார் 40 சதுர மீட்டர். ஆகவே 20 மில்லிமீட்டர் பெய்தால் பத்து சென்ட் வயலில் விழுந்தது 8,000 லிட்டர். முதல் பருவத்தில் பெய்யும் மழையில் அளந்து பழகிவிட்டால், அக்டோபரில் இரண்டாம் பருவம் தொடங்கி வடகிழக்குப் பருவமழை பிடிக்கும்போது, ஊரில் எத்தனை மில்லிமீட்டர் என்று பிள்ளைகளையே கேட்டுக்கொள்ளலாம்.