கரையோரத்து மூப்பு – 6: மகள் வீட்டு வளவில்

அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில் வீதியால் தெற்கே வந்தால் திருக்கோவிலுக்குச் சற்று முன்னால் தம்பிலுவில். இங்கே வயதான ஒருவரை யார் பார்க்கிறார்கள் என்று கேளுங்கள். மகன் பெயர் வராது, மகள் பெயர்தான் வரும். தாய்வழியில் குடி தொடரும் கரை இது. வீடு மகளுக்குச் சீதனம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். பெற்றோர் அதே வளவில் ஒரு சின்ன வீட்டுக்கோ கொட்டிலுக்கோ ஒதுங்கிக்கொள்வார்கள். அக்கரைப்பற்று முஸ்லிம்களிடமும் இதே வழமைதான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றை வைத்து எழுதி 2008இல் வெளிவந்த நூலில் இதை விரிவாகச் சொல்கிறார்.

சீதன வீடு கட்டிக் கொடுத்தவருக்குக் கடைசிக் காலக் கஞ்சிக்கும் கைத்தாங்கலுக்கும் குறைவிருக்காது என்பது எழுதாத ஒப்பந்தம். மகள்கள் குவைத்துக்கும் சவூதிக்கும் வீட்டு வேலைக்குப் போகத் தொடங்கியதும் அது ஆட்டம் கண்டது. அம்மம்மா இப்போது முழங்கால் வலியோடு பேரப்பிள்ளைகளுக்குச் சோறாக்குகிறார்.

2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, தம்மைத் தாமே பார்த்துக்கொள்ள முடியாத பெற்றோரைப் பிள்ளைகள் கவனிக்கத்தான் வேண்டும். தவறினால் பெற்றோர் பராமரிப்புப் பணம் கேட்டு முறையிடலாம். நல்ல சட்டம்தான். ஆனால் மாதாமாதம் காசு அனுப்பும் மகள்மேல் எந்தத் தாய் முறையிடுவார்? காசு வருகிறது, மகள்தான் வருவதில்லை.

70 வயதைத் தாண்டிய, வருமானம் குறைந்தவர்களுக்கான கொடுப்பனவை 2025 வரவு செலவுத் திட்டம் 3,000 ரூபாவிலிருந்து 5,000 ஆக்கியது. கிளினிக் கொப்பியோடு திருக்கோவில் ஆதார வைத்தியசாலைக்குப் போகலாம். பெரிய வருத்தம் என்றால் கல்முனை, அல்லது மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை. மருந்து இலவசம், ஓட்டோவுக்குத்தான் காசு. 1990 இலக்கத்துக்கு அழைத்தால் வரும் அம்புலன்ஸும் இலவசம்தான், ஆனால் அது அவசரத்துக்கு. மாதாந்தக் கிளினிக்குக்கு வராது.

எனக்கு உறுத்துவது வேறொன்று. 1926இல் களுத்துறையில் சுகாதாரப் பிரிவு தொடங்கிய நாடு இது. அந்த வழியில் வந்த மருத்துவமாது இன்றும் கர்ப்பிணித் தாயையும் பச்சைக் குழந்தையையும் வீடு தேடிவந்து பார்க்கிறார். அதே வீட்டின் பின்னறையில் பாரிசவாதத்தில் கிடக்கும் கிழவியின் படுக்கைப் புண்ணைப் பார்ப்பது அவருடைய வேலையில் இல்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, இருக்கிற வேலையே அவருக்கு மிச்சம். அந்தப் புண்ணுக்கென்று வீடு வீடாக வர ஒருவரை நியமித்திருக்க வேண்டும். 2012 கணக்கெடுப்பில் நாட்டில் 65 வயதைத் தாண்டியவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேரளவில் இருந்தார்கள். 2024இல் பன்னிரண்டுக்கும் மேல்.

ஆள் இல்லாமலில்லை. முதியோர் பராமரிப்புக்குப் பயிற்சி இருக்கிறது, தேசிய தொழில் தகைமைச் சான்றிதழும் இருக்கிறது. அதைக் கையில் வாங்கிய பிள்ளைகளின் கண் இஸ்ரேல், ஜப்பான் வேலை விளம்பரங்களில். தம்பிலுவிலில் கிழவியைப் பார்க்க நின்றால் சம்பளம் யார் கொடுப்பது? அந்தக் கணக்கை அடுத்த வாரம் போட்டுப் பார்ப்போம்.